பெரியவருக்கு ஷூ மாட்டிவிட்ட நாள்

கடையில் அவருக்குச் சின்னவர் என்று பெயர். ஐம்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, முன்மண்டையில் பாதி காலியான பிறகும் சின்னவர்தான். அதே செருப்புக் கடையில், அதே கண்ணாடி அலமாரிக்கு முன்னால் அவருடைய அப்பாவும் விற்பனையாளராக நின்றவர். அப்பா பெரியவர், பிள்ளை சின்னவர் என்று முதலாளி வைத்த பெயர். பெரியவருக்கு மறதி வந்து, கடைக்கு வருவது நின்று சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் சின்னவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

தொழில் கற்றுக்கொடுத்தவர் பெரியவர்தான். கற்றுக்கொடுத்தார் என்றால் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. தப்புச் செய்தால் அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காதைத் திருகுவார். வாசலுக்குள் ஒருவர் கால் வைத்துவிட்டால் நம்முடைய பசி, காய்ச்சல், வீட்டுச் சண்டை எல்லாம் வெளியே நிற்க வேண்டும். சிரித்த முகம் மாறக் கூடாது. ‘இல்லை’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. கேட்ட அளவு கடையில் கிடையாது என்றால், “வந்துடும்ங்க” என்று சொல்ல வேண்டும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாசல் வரைக்கும் கூடவே போய், “மறுபடியும் வாங்க” என்று அனுப்பிவைக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இதை அப்பாவும் பிள்ளையும் எந்த அளவுக்குக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். சின்னவரின் அம்மா இறந்து, துக்கம் முடிந்து இரண்டு பேரும் கடைக்குத் திரும்பிய அன்று, பழைய வாடிக்கையாளர் ஒருவர் காலை நீட்டிக்கொண்டே, “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், “நல்ல சௌக்கியம்ங்க” என்றார்கள். சொல்லி முடித்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மா போனாள், அடுத்து அப்பாவின் முறை வந்தது. அக்கா ஒருத்தி தூர தேசத்தில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டு, “அப்பாவை நல்லாப் பாத்துக்கோடா” என்பாள். என்னவோ இவர் அப்பாவைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டதுபோல. அதற்கும் சின்னவர், “நீ கவலைப்படாதேக்கா, நல்லா இருக்கார்” என்றுதான் சொல்வார். அக்காவுக்கே கடைப் பேச்சு!

வீடு மாடியில் இரண்டு அறை. கீழே தையல் தைக்கும் அம்மா ஒருத்தி குடியிருந்தாள். விடிந்ததும் சின்னவர் அப்பாவின் ஈர விரிப்பை உருவுவார். அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்கு நடத்திப் போவார். குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார். கடைசியில் கால். பெரியவருக்குச் சர்க்கரை உண்டு. வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். ஊரில் பாதிப் பேரின் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தவருக்குத் தன் பாதத்தில் புண் இருப்பது தெரியாது, வலியும் தெரியாது. சின்னவர் அதைக் கழுவி, மருந்து போட்டு, துணி சுற்றுவார். பிறகு கதவை வெளியே பூட்டிக்கொண்டு கடைக்கு ஓடுவார்.

பூட்டுவது அவருக்குப் பிடித்தா பூட்டினார்? முன்பெல்லாம் கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போவார். ஒரு நாள் பெரியவர் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் முன்னால் ஒவ்வொருவராக மண்டியிட்டு, “உக்காருங்க, அளவு பாத்துடலாம்” என்று காலைப் பிடித்திருக்கிறார். பயந்துபோன ஒருவன் காலை உதறினான். பெரியவர் மல்லாந்து விழுந்தார். தையல்கார அம்மா ஓடிப்போய்த் தூக்கி, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். “என்னம்மா அவர் எதுவும் எடுத்துக்கலையே” என்று பெரியவருக்கு அதுதான் வருத்தமாம். மறுநாள் சின்னவர் பூட்டு வாங்கினார்.

பூட்டிய அறைக்குள் நாள் முழுக்க அப்பா என்ன செய்வார் என்று சின்னவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தைரியம் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்து பார்ப்பார். அப்பா சில நாள் கட்டிலிலேயே இருப்பார். சில நாள் தரையில் கிடப்பார், விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சுகாதார நிலையத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது. ஓர் உதவியாளர் தினமும் பாதி நாள் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்வார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். அது கிடைத்தால் பூட்டு வேண்டாம், வேலையும் போகாது. சின்னவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அந்தப் பகுதி முழுமைக்கும் உதவியாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். யாருக்குக் கொடுப்பது என்று மூத்த நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு வந்து பார்த்து முடிவுசெய்வாள். எல்லாரும் அவளைச் சிஸ்டர் என்பார்கள்.

அந்தச் சுகாதார நிலையத்தின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது, புது டாக்டர் வரவில்லை. “வந்துடுவார்” என்றார்கள். கட்டுத்துணி தீர்ந்துவிட்டது, “வந்துடும்” என்றார்கள். சர்க்கரை மாத்திரை பாதிதான் கொடுத்தார்கள், மீதி “வந்துடும்.” கூட்டத்தில் நின்று இதைக் கேட்டபோது சின்னவருக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் தெரியாதா, கேட்ட அளவு கடையில் கிடையாது என்கிறபோதுதான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்று! இருந்தும் வரிசையில் நின்றார். வேறு எங்கே போய் நிற்பது?

நாயாய் அலைந்ததில் ஒரு நாள் சிஸ்டர் வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்று காலை சின்னவர் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல? வீட்டைப் பெருக்கித் துடைத்தார். விரிப்பை மாற்றினார். ஊதுபத்தி கொளுத்தி வாடையைப் போக்கினார். பெரியவருக்கு முகம் மழித்து, தலை வாரி, பெட்டி போட்ட சட்டை மாட்டினார். பெரியவர் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கஸ்டமர் வராங்களா?” என்றார்.

“ஆமாப்பா. ஒரு அம்மா வராங்க.”

“அப்ப ஷூ எங்க? வெறுங்காலோட நிக்கறதா?”

“கால்ல கட்டுப் போட்டிருக்குப்பா.”

“செருப்புக் கடைக்காரன் வெறுங்காலோட நின்னா எவன்டா வாங்குவான்?”

நியாயமான கேள்வி என்றே சின்னவருக்கும் பட்டது. இங்கேதான் அவர் புத்தி பிசகியது. வேறு எந்தப் பிள்ளையும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய கறுப்பு ஷூவை எடுத்துப் பளபளவென்று தேய்த்தார். கட்டு வெளியே தெரியாதபடி சாக்ஸை இழுத்துவிட்டார். கயிற்றைத் தளர்த்தி, உள்ளே விரலை விட்டு இடம் பார்த்து, புண் உரசாமல் பாதத்தை மெதுவாக உள்ளே செலுத்தினார். ஊரிலேயே இவ்வளவு நேர்த்தியாக ஒரு புண்ணை மறைக்கத் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார்.

சிஸ்டர் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். ஐம்பது வயதை ஒட்டியவள், தோளில் கனமான பை. அவள் வாசலில் கால் வைத்தாளோ இல்லையோ, பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். வாரக்கணக்கில் தானாக எழுந்து நிற்காத மனிதர்!

“வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தம்பி, அம்மாவுக்குத் தண்ணி குடு.”

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவள் போன வீடுகளில் யாரும் உட்காரச் சொல்லவில்லை போலும். “எப்படி இருக்கீங்க ஐயா?” என்றாள்.

“ரொம்ப நல்லா இருக்கேன்மா. நீங்க நல்லா இருக்கீங்களா? வீட்ல பிள்ளைங்க எல்லாம்?”

“நடக்க முடியுதா?”

“நாள் முழுக்க நின்னுக்கிட்டுத்தானேம்மா இருக்கோம்.”

அவள் சின்னவர் பக்கம் திரும்பினாள். “ஞாபக மறதின்னு சொல்லியிருக்கீங்க. தெளிவாத்தானே பேசறார்? சாப்பாடு, தூக்கம்லாம்?”

சொல்ல வேண்டியதுதானே! அழுக்குத் துணி மூட்டை குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. பூட்டு மேசைமேல் இருந்தது. சின்னவர் வாயைத் திறந்தார். எதிரே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். முப்பது வருஷமாகப் பழகின நாக்கு. “அதெல்லாம் ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க” என்றது அது. “கடைக்குப் போற நேரத்துக்கு மட்டும் யாராவது இருந்தா... கொஞ்சம் நல்லா இருக்கும்.”

“சமாளிச்சுக்கறீங்கல்ல?”

“சமாளிச்சுக்கறோம்ங்க.”

சிஸ்டருக்கு நிறைவாகிவிட்டது. “உங்கள மாதிரி எல்லா வீட்லயும் பாத்துக்கிட்டா எங்களுக்கு வேலையே இல்ல” என்று எழுந்தாள். அப்பாவும் பிள்ளையும் வாசல் வரை கூடவே போனார்கள். “மறுபடியும் வாங்க” என்று இரண்டு குரலும் சேர்ந்தே வந்தது. படியிறங்கும்போது அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்த வாரமே பதில் வந்தது. உதவியாளர் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்ட தையல்கார அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். “ஷூவா? ஷூ மாட்டிவிட்டீங்களா? பொண்ணு பாக்கவா வந்தாங்க உங்க அப்பாவை? உங்க ரெண்டு பேர் வாயையும் நானே தைச்சு விட்டிருக்கணும்!” திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு குரலைத் தணித்தாள். “மத்தியானம் மேல தடால்னு சத்தம் கேக்கும். நான் கீழ இருந்து, ‘ஐயா, ஐயா’ன்னு கத்துவேன். ‘ஒண்ணும் இல்லம்மா, சௌக்கியம்’னு பதில் வரும். இதைப் போய்ச் சொல்லுங்க அவங்ககிட்ட.”

சின்னவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடி வரிசையில் போய் நின்றார். “திரும்ப வந்து பாக்கச் சொல்றோம். வந்துடுவாங்க” என்றார்கள். சிஸ்டரின் வண்டி பழுதாம். அவளோடு இருந்த இன்னொரு நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். வாரங்கள் ஓடின. புண் ஆழமாகி விளிம்பு கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வாடகை வண்டியில் தூக்கிப் போனார். பகல் முழுக்க நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிறவர்களின் காலையெல்லாம் பெரியவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு இளம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, உதட்டைக் கடித்து, “படுக்கை இல்ல. உங்க சுகாதார நிலையத்துல தினமும் கட்டு மாத்துங்க” என்றார். அந்தப் பையனைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? நின்றுகொண்டே தூங்குகிற கண் அவனுக்கு.

கடையில் சின்னவர் தினமும் தாமதம். முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, “பெரியவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா உன் இடத்துல காலைல யாராவது நிக்கணும்ல? இந்த மாசம் பாக்கறேன்” என்றார். கெட்ட மனிதர் இல்லை அவரும். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறுதல் அடையலாம்.

கடைசியில் சிஸ்டர் வருகிற நாள் வந்தது. மத்தியானம் வரை முதலாளி விடுப்பு கொடுத்தார். முந்தின நாளே தையல்கார அம்மா மாடியேறி வந்து, “குளிப்பாட்டாதீங்க, மழிக்காதீங்க, துணி மாத்தாதீங்க, காலைத் திறந்தே வையுங்க” என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள்.

விரிப்பை உருவப் போன கையைச் சின்னவர் இழுத்துக்கொண்டார். அப்பாவை ஈரத்திலேயே விட்டுவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அறையில் வாடை ஏறிக்கொண்டே போனது. சன்னலைத் திறக்கவில்லை. பெரியவர் தன் சட்டையைப் பார்த்தார், கன்னத்தைத் தடவினார். “தம்பி, இப்படியே எப்படிக் கடைக்குப் போறது?” என்று கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறது என்று சின்னவருக்குப் புரிந்தது. எல்லாம் மறந்துபோன மனிதருக்கு அது மட்டும் மறக்கவில்லை. வாழ்க்கையில் சின்னவர் அவ்வளவு கேவலமாகத் தன்னை உணர்ந்ததில்லை.

வெகுநேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. சிஸ்டர் நொண்டிக்கொண்டே வந்தாள். வண்டி இல்லாததால் எல்லா வீட்டுக்கும் நடைதான். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடிவிட்டது அவளுக்கு. உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்தவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை சின்னவர் நாக்கை அதன் போக்கில் விடவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார். ஈரம், விழுதல், பஸ் நிறுத்தம், பூட்டு, எல்லாவற்றையும். “என்னால முடியலை சிஸ்டர். முடியவே முடியலை. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எங்களுக்கு ஒரு ஆள் வேணும்.”

இதற்குள் பெரியவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். தரையில் நகர்ந்து வந்து சிஸ்டரின் காலருகே மண்டியிட்டார். சின்னவர் தடுக்க எழுவதற்குள் அவளுடைய ஷூவைக் கழற்றி, பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தினார். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸில் ரத்தம் ஒட்டியிருந்தது.

“அளவு சின்னதும்மா இது. ரொம்ப நாளா வலிச்சிருக்குமே. ஏன்மா சொல்லலை?”

சிஸ்டர் காலை இழுக்கவில்லை. குனிந்து அவருடைய தலையைப் பார்த்தாள், வாராத தலை. பிறகு அவருக்குப் பின்னால் நீண்டிருந்த வெறும் பாதத்தை, மேலே திரும்பியிருந்த அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பார்த்தவுடன் அவள் முகம் மாறியது.

“இது எப்பலேர்ந்து?”

“நீங்க முதல்ல வந்தப்பவே இருந்துச்சு. ஷூவுக்குள்ள.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “அன்னைக்கு என்கிட்ட ஒரு ஆள் இருந்தாங்க. ரெண்டு வீட்ல எதுக்குன்னு யோசிச்சுட்டுத்தான் இங்க ஏறி வந்தேன். இந்தக் காலைப் பாத்திருந்தா உங்களுக்குத்தான் குடுத்திருப்பேன்.” பையை மடிமேல் இழுத்துக்கொண்டாள். “இப்ப அந்த ஏற்பாட்டையே நிறுத்திட்டாங்க. போன வாரம். நான் சும்மா வந்து பாத்துட்டுப் போறேன். பாக்கச் சொல்லியிருக்காங்க, பாக்கறேன்.”

“அப்ப இந்தக் கால்?”

“எடுக்கணும். அதுவும் சீக்கிரம். ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். படுக்கை காலியானா கூப்பிடுவாங்க.” அவள் சீட்டை எழுதி நீட்டினாள். “வந்துடும்” என்று சொல்ல வாயெடுத்தவள், சின்னவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பைக்குள் கடைசியாக இருந்த கட்டுத்துணியை எடுத்து, தரையில் உட்கார்ந்து, அவளே பெரியவரின் காலைக் கழுவிக் கட்டினாள். பெரியவர், “அட, நீங்க எதுக்கும்மா கீழ உக்கார்றீங்க” என்று பதறிக்கொண்டே இருந்தார். கட்டி முடித்து, கழற்றிய ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சின்னவர் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. அவர் வாழ்நாளில், வந்த ஒருவரை வாசல் வரை கொண்டுபோய் விடாதது அன்றுதான்.

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னவர் எழுந்து அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினார். நிதானமாக முகம் மழித்தார், தலை வாரினார், பெட்டி போட்ட சட்டையை மாட்டினார். கட்டிலில் புது விரிப்பு விரித்து உட்கார வைத்தார். பெரியவரின் முகம் தெளிந்தது.

“வந்த அம்மா எடுத்துக்கிட்டாங்களாடா?”

“இல்லப்பா. அளவு இல்ல.”

“இல்லைன்னா சொன்னே?” பெரியவர் அதிர்ந்துபோனார். “எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு?”

சின்னவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதார். பெரியவருக்கு அது ஏனென்று புரியவில்லை. கடையில் சேர்ந்த புதிதில் காது திருகு வாங்கிய பையனைத் தேற்றுவதுபோல முதுகில் தட்டி, “சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம். முகத்தைக் கழுவிக்கிட்டுக் கடைக்குப் போ” என்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டார். மேசைமேல் இருந்த பூட்டை எடுத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுச் சாவியைத் திருப்பினார். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் படியில் கால் வைக்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. எப்படியோ தட்டுத்தடுமாறி, புதுக் கட்டுப் போட்ட அந்தக் காலோடு, வாசல் வரைக்கும் வந்துவிட்டிருந்தார்.

“மறுபடியும் வாங்க” என்றார்.